வெள்ளைத்தாய் கேட்ட சத்தம்

பேய் இல்லை என்று சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதற்குத்தான் பஸ் ஏற வேண்டும். நானும் பால்ச்சாமியும் பஸ் ஏறுகிற கட்சி. இரண்டு பேரும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர்கள். வாரவிடுமுறை வந்தால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், நாங்கள் பேய் இருப்பதாகப் பேர் வாங்கிய வீடுகளுக்குப் போவோம்.

1988 வரைக்கும் பத்தொன்பது இடங்கள் பார்த்திருந்தோம். பதினேழுக்குக் காரணம் கிடைத்தது. சேத்தூரில் கிணற்றுக்குள் ஒரு பெண் அழுதாள். இறங்கிப் பார்த்தால் பம்புசெட் குழாயில் ஒரு விரிசல், அது காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. தளவாய்புரத்தில் ஒரு வீட்டு ஓட்டின் மேல் தினமும் கல் விழுந்தது; எறிந்தவர் வரப்புத் தகராறில் இருந்த பங்காளி. மீதி இரண்டு இடங்களுக்கும் ‘தெரியவில்லை’ என்று நோட்டில் எழுதி வைத்தேன். அப்படி எழுதியதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? ‘சோலைராஜ் போனால் அவசரப்பட்டு எதுவும் சொல்லமாட்டான்’ என்று மில்லில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நானும் நம்பினேன்.

அந்த வருடம் ஆனி மாதம், எங்கள் மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷின் ஓட்டுகிற பேச்சிமுத்து கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, எந் தங்கச்சிய நீங்க வந்து செத்த நேரம் பாக்கணும்.”

தங்கச்சி பேர் வெள்ளைத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். அவள் புருஷன் ஆவுடையப்பன் ஆலங்குளத்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி டிரைவர். மாசியில் மஞ்சள்காமாலை வந்து இறந்துபோனான். பிள்ளைகள் இல்லை. இதுவரைக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய துக்கம். ஆனி பிறந்த பிறகு வேறு ஒன்று தொடங்கியிருக்கிறது.

“மச்சான் வேலையிலேருந்து வந்தா தெருமுனையிலேயே பல்லிடுக்குல மெல்லிசா ஒரு சீட்டி விடுவாப்ல. இவ போயி கதவத் தெறப்பா. இப்பவும் மத்தியானம் அந்தச் சீட்டி கேக்குதுங்கா. போயி கதவத் தெறக்கா. தெறந்து வச்சிட்டு உள்ள வந்து தட்டுல சோத்தப் போடுதா. தெருவே பாத்துட்டு நிக்குது.”

“நீங்க கேட்டீகளா அந்தச் சீட்டிய?”

“நானும் எம் பொண்டாட்டியும் நாலு மத்தியானம் போயி ஒக்காந்திருந்தோம். ஒண்ணும் கேக்கல. இவ மட்டும் ‘இந்தா, இந்தா’ங்கா. பயந்துக்கிட்டு வேற யாரும் வாசப்படி ஏறமாட்டேங்காக.”

பேச்சிமுத்துவின் மனைவியும் எங்கள் மில்தான், நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவு. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி, மலையடிவாரத்தில் ஒரு கோயிலில் பேயோட்டுகிற கோடாங்கியிடம் கொண்டுபோய் ஒரு மண்டலம் விடுவது என்று முடிவு பண்ணியிருந்தார்கள். நாற்பத்தெட்டு நாள். அங்கே எப்படி வைத்திருப்பார்கள் என்று பேச்சிமுத்துவுக்குத் தெரியும். அவருக்கு மனசில்லை.

“நெசமாவே சத்தம் இருந்துச்சுன்னா, அது என்ன எழவா இருந்தாலும் சரி, வீட்ட மாத்திக்கிடுவோம். சத்தமே இல்லைன்னா இவளுக்குத்தான் சரியில்ல. கொண்டு விட்டுற வேண்டியதுதான். நீங்க எதச் சொல்லுதீகளோ அதுதான்ணே. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குத் தித்தித்தது என்பதை மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெரியகுளம் கண்மாய்க்குப் போகிற வழியில், தெருவின் கடைசி வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே மொட்டைமாடி. மேற்கே தடுப்பு எதுவும் இல்லை, மலைக்காற்று நேராக வந்து அடிக்கும். வெள்ளைத்தாய்க்கு முப்பத்தாறு வயதிருக்கும். நான் எதிர்பார்த்துப் போனது தலைவிரி கோலத்தை. அவள் தலை வாரிக் கொண்டை போட்டு, தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் பசைக்கையைக் கழுவிவிட்டு வந்து செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“அவுகதானா இல்லையான்னு நான் கேக்கலண்ணே,” என்றாள். “செத்தவக திரும்பி வரமாட்டாகன்னு எனக்கும் தெரியும். சத்தம் இருக்கா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. இருந்துச்சுன்னா எம் புத்தி சரியா இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன்.”

“தெரிஞ்சும் பொறவு ஏன் கதவத் தெறக்குத?” என்றேன்.

“தெறக்காம இருக்க முடியலண்ணே.”

பத்தொன்பது இடங்களிலும் இவ்வளவு தெளிவாகப் பேசின ஆளை நான் பார்த்ததில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நாங்கள் மூன்று மத்தியானம் அங்கே போனோம்.

வேலையில் குறை வைக்கவில்லை. வாசலுக்குக் குறுக்கே நூல் கட்டினோம். மாடிப்படியில் கோலமாவு தூவினோம், யாராவது விளையாடினால் கால்தடம் விழட்டும் என்று. மாடியில் ஏறிப் பார்த்தேன். ஒளிந்திருக்க ஆள் யாரும் இல்லை. கைப்பிடிச் சுவரோடு சேர்த்து சிமெண்ட் பூசி நிறுத்திய ஒரு இரும்புப் பைப்பும், அதிலிருந்து இழுத்துக் கட்டிய கொடிக்கயிறும்தான் இருந்தன. கீழே ஆளுக்கொரு மூலையில் கையில் ஒரு சீட்டோடு உட்கார்ந்தோம். பேசக் கூடாது, ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. எது கேட்டாலும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும். நடுவில் ஸ்டூலின் மேல் ஒரு டேப் ரிக்கார்டர், கடன் வாங்கியது. அது சுற்ற ஆரம்பித்தது சரியாக மூன்று மணிக்கு.

என் சீட்டில் ஜன்னல் அடித்தது, காக்கை, பஸ் ஹாரன் என்று எழுதியிருந்தேன். பால்ச்சாமி சீட்டிலும் கிட்டத்தட்ட அதுவேதான். வெள்ளைத்தாய் சீட்டில் மட்டும் மூன்று ஐந்து, மூன்று எட்டு, மூன்று பன்னிரண்டு என்று பதினொரு நேரங்கள். ஒவ்வொன்றின்போதும் அவள் முகம் வாசலுக்குத் திரும்பியதை நான் பார்த்தேன். நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை.

அதோடு விட்டுவிடவில்லை. கேசட்டைக் கொண்டுபோய் கேன்டீனுக்குப் பின்னால் ஆள் இல்லாத இடத்தில் வைத்து, மில்லில் நல்ல நிதானமான ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, விஷயம் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். ஜன்னல் சத்தம் கேட்கிறது என்றார்கள். வேறு எதுவும் இல்லை என்றார்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

நான்காம் முறை போய் முடிவைச் சொன்னேன். பேச்சிமுத்துவும் இருந்தார்.

“சத்தம் இல்ல, தங்கச்சி,” என்றேன்.

‘எங்களுக்குக் கேட்கவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்தது. ‘சத்தம் இல்லை’ என்பது எனக்குத் தெரியாதது. இரண்டு இடங்களுக்குத் ‘தெரியவில்லை’ என்று எழுதிப் பெருமைப்பட்டவன், ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் தெரியும் என்று சொன்னேன்.

அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. தன் சீட்டுகளைத் திருப்பிக் கேட்டாள். அவை பதிவுக்கு வேண்டும் என்று நான் கொடுக்கவில்லை. “சரிண்ணே,” என்று மட்டும் சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டார்கள்.

ஆடி மாதக் கடைசியில் எனக்குக் காதில் குறுகுறுப்பு. என் மனைவி ஜெயபாய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டி டிரங்கால் போட்டுக் கொடுக்கிறவள். “வீட்டுல ரேடியோவ அலற விடுதீங்க, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கீங்க. ஒருநா டாக்டரத்தான் பாருங்களேன்,” என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள் என்று நான் கேலி பேசுவேன். இந்தத் தடவை குறுகுறுப்புத் தாங்காமல் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனேன்.

டாக்டரம்மா வெளியூர்க்காரர். அழுக்கை எடுத்துவிட்டு, “கண்ணை மூடிக்கோங்க,” என்றார். மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தோளைத் தட்டினார். கண்ணைத் திறந்தால் அவர் கைக்கடிகாரம் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

“கேட்டுதா?”

“ஓடாத வாட்ச்சுல என்ன கேக்கும் டாக்டர்?”

அவர் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே திருப்பினார். நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

“மில்லுல எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“இருபத்திரண்டு வருஷம்.”

“அதான். மிஷின் இரைச்சல்ல மொதல்ல மெல்லிசான சத்தமெல்லாம் போயிடும். கீச்சுனு வர்ற சத்தம், விசில் சத்தம். பேச்சுச் சத்தம் கடைசியாத்தான் போகும், அதனால உங்களுக்கே தெரியாது. நீங்க பாதிப் பேச்சை வாயசைவைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறீங்க. மில்லுல இருந்து வர்ற எல்லாருக்கும் இதே கதைதான்.”

அவர் மேலும் ஏதோ சொன்னார். நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நான் மில். பால்ச்சாமி மில். பேச்சிமுத்து, அவர் மனைவி, கேன்டீனுக்குப் பின்னால் நின்ற நாலு பேர், எல்லாரும் மில். மொத்தம் எட்டுச் செவிடர்கள் கூடி, நல்ல காது உள்ள ஒரே ஒருத்திக்குப் புத்தி சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். நூல் கட்டினேன், மாவு தூவினேன், கடிகாரம் வைத்தேன். எல்லாவற்றையும் சோதித்தவன் என் காதைச் சோதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல்நாள் கேசட்டைத் தேடி எடுத்தேன். ஜெயபாய் டூட்டி முடிந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். விஷயம் எதுவும் சொல்லாமல் டேப்பைப் போட்டேன். ஐந்து நிமிடம் சும்மா இருந்தாள்.

“யாரு இது, சீட்டியடிக்கது?” என்றாள்.

“எங்க?”

“இந்தா. இப்ப நின்னுட்டு.” கொஞ்சம் பொறுத்து, “இந்தா, திரும்பவும்.”

வெள்ளைத்தாயின் முதல்நாள் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கேசட்டை முதலிலிருந்து ஓட்டினேன். ஜெயபாய் கையைத் தூக்கும்போதெல்லாம் டேப் தொடங்கி எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். பதினொன்றில் ஒன்பது நேரங்கள், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஒத்துப்போயின. மீதி இரண்டும் ஜன்னல் அடிக்கிற சத்தத்தில் அமுங்கியிருந்தன.

நடந்ததைச் சொன்னேன். அவள் டேப்பை நிறுத்தினாள்.

“எத்தன வீட்டுக்குப் போயிருப்பீங்க. ஒரு நா என்னயக் கூப்பிட்டிருக்கீங்களா? பொம்பளைக பயந்துக்கிடுவாகன்னு சொல்லிச் சொல்லியே போனீங்க.”

 காது வைத்தே சம்பளம் வாங்குகிற ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் சத்தம் தேடி அலைந்திருக்கிறேன்.

மறுநாள் லீவு போட்டோம். பேச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் ஜெயபாய் நின்றுவிட்டாள். “கேக்குது,” என்றாள். அறையைச் சுற்றி வந்தாள். மேற்குச் சுவரில் காதை வைத்தாள். பிறகு படியேறினாள். நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் கண் தெரியாதவர்கள் போல அவள் பின்னாலேயே போனோம். மாடியில் அந்த இரும்புப் பைப்பின் முன்னால் போய் நின்று, அதன் மேல்பாகத்தில் இருந்த இரண்டு ஓட்டைகளைக் காட்டினாள்.

நான் கைப்பிடிச் சுவரில் ஏறி ஓட்டைகளை இரண்டு கட்டைவிரலாலும் அடைத்தேன். “நின்னுட்டு,” என்றாள். எடுத்தேன். “கேக்குது.” அடைத்தேன். “நின்னுட்டு.” காற்று என் சட்டையைப் பிய்த்துக்கொண்டு போனது. சத்தம் மட்டும் எனக்கு இல்லை.

“அது டிவி ஆண்டெனா பைப்பு,” என்றார் பேச்சிமுத்து. “சிலோன் டிவி எடுக்கணும்னு மச்சான்தான் மாட்டுனாப்ல. கேதம் விழுந்த வீட்டுல ஒரு வருசத்துக்கு டிவி ஓடக் கூடாதுல்ல. பதினாறு முடிஞ்சதும் நான்தான் டிவியையும் ஆண்டெனாவையும் கழத்தி எங்க வீட்டுக்குக் கொண்டுபோனேன். பைப்பு சிமெண்ட்டுல இருந்துச்சு, வரல. போல்ட்ட மட்டும் உருவிட்டு விட்டுட்டேன்.”

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. போல்ட் இருந்தவரைக்கும் ஓட்டை அடைபட்டிருந்தது. அதை உருவியது மாசிக்கடைசியில். காற்று வந்தது ஆனியில். சுவரோடு பதிந்திருந்த பைப்பு, மாடியில் எழுந்த சத்தத்தைக் கீழே அறைக்குள் கொண்டு சேர்த்திருக்கிறது. பேச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பேய் இல்லை. ஆனால் இருபது இடங்களில் இந்த ஒரு காரணம் கிடைத்ததற்குத்தான் நான் சந்தோஷப்படவில்லை. அன்றைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டு முப்பத்தெட்டாவது நாள்.

நேரே அங்கிருந்து கோயிலுக்குப் போனோம். மண்டலம் முடியாமல் அனுப்பக் கூடாது என்றார் கோடாங்கி. ஜெயபாய் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஓட்டுக்கொட்டகைக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வெள்ளைத்தாயை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முழங்கையில் வேப்பங்குச்சியால் அடித்த தடிப்புகள், சில பழையவை, சில புதியவை. தினமும் காலையில் நிறுத்தி வைத்து ‘ஒன் வீட்டுல சீட்டி கேக்குதா’ என்று கேட்பார்களாம். கேட்குது என்று சொன்னால் அடி. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் ஜெயபாயிடம் சொன்னாள்: “இவ மத்தவக மாதிரி இல்லத்தா. இருபது நாளைக்கு மேல கேக்குதுன்னேதான் சொன்னா.”

வெள்ளைத்தாயைப் பஸ்ஸில் அவள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். வீட்டுக்குள் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். மணி மூன்றரை. காற்று நன்றாக அடித்தது. நான் ஜெயபாயைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், சத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் தரையில் வெள்ளைத்தாய் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பைப்பு, போல்ட், ஓட்டை, கேசட், ஒத்துப்போன ஒன்பது நேரங்கள், டாக்டரம்மாவின் கடிகாரம். தப்பு என் மேல் என்று சொன்னேன். மன்னித்துக்கொள் என்று கேட்டேன். பேச்சிமுத்து அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“இப்பவும் வருது, தங்கச்சி,” என்றேன். “என் வீட்டுக்காரிக்குக் கேக்குது. ஒனக்கும் கேக்குதுல்ல?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

“இல்லண்ணே. ஒண்ணும் கேக்கல.”

“பயப்படாத. சத்தம் நெசம். ஒம் புத்தி சரியாத்தான் இருக்கு. எங்க காதுதான் கெட்டுப்போச்சு.”

ஜெயபாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். “எனக்குக் கேக்குதும்மா. இந்தா, இப்பக்கூட,” என்றாள்.  வெள்ளைத்தாய் அந்தக் கையை உதறவில்லை. ஆனால் பேசியது என்னிடம்தான், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல.

“எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே. நெசமா. நீங்க யாருகிட்ட சொல்லச் சொன்னாலும் வந்து சொல்லுதேன்.”